யாரும் வாசிக்காத சுரம்

அத்தியாயம் ஏழு

தேவாலயத்தின் பங்கு அலுவலகக் கதவு அன்றைக்கும் பூட்டியிருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் கோகுல் மழைக்குக் குனிந்து படித்தான்.

“செக்ரட்டரிக்கு உடம்பு சரியில்லையாம். வியாழக்கிழமை வரணுமாம். போன வியாழன் வந்தப்ப திங்கள் வரச் சொன்னாங்க மேடம். இவங்க காலண்டர்ல இன்னைக்குன்னு ஒரு நாளே கிடையாது போல.”

“மேடம் எண்டு கூப்பிடாதை எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்,” என்றாள் பவளராணி. கோபம் அவன்மேல் இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

பவளராணி ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் நீண்ட காலம் கடைத்திருடர்களைப் பிடிக்கும் வேலை பார்த்தவள். கடையை மூடியபோது அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அதனால் சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் தொடங்கினாள். நோய் விடுப்பு எடுத்தவர் நிஜமாகவே படுக்கையில் இருக்கிறாரா, இல்லை மச்சான் வீட்டுக்குச் சுவர் கட்டுகிறாரா என்று பார்ப்பதுதான் பெரும்பாலும் வேலை. கோகுல் கோயம்புத்தூர்க்காரன். மனைவி தீப்திக்கு இங்கே எஞ்சினியர் வேலை. அவன் வேலை பார்த்த கணினி நிறுவனம் கைவிட்டபின், அடுத்தது கிடைக்கும்வரை என்று பவளராணியிடம் சேர்ந்தவன். அடுத்தது இன்னும் கிடைக்கவில்லை.

அவர்கள் நின்றிருந்தது கெல்சென்கிர்ச்சனின் வடக்கு ஓரத்தில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு செங்கல் தேவாலயத்தின் பக்கவாசலில். உள்ளே இருநூறு வருஷப் பழைய குழலிசைக் கருவியான ஓர்கன் ஒன்று உண்டு. மூன்று வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, மறைமாவட்ட மேலிடத்திலிருந்து வந்த நிபுணர் அந்த ஓர்கனின் பின்கதவைத் திறந்தபோது, மிகத் தாழ்ந்த சுரங்களுக்கான நான்கு பெரிய குழல்கள் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த, ஓர் ஆளைவிட மும்மடங்கு உயரமான குழல்கள். உலோக விலை ஏறிப்போன அந்த 2008ஆம் வருஷம் கூரையின் மழைநீர்க் குழாய்களைக்கூடக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போடுகிற வருஷமாக இருந்தது. பொலிஸ் அதிகம் யோசிக்கவில்லை. ஞாயிறு பூசையில் அந்தச் சுரங்கள் ஒலித்தன என்று ஓர்கன் வாசிப்பவர் சொன்னார். செவ்வாய் குழல்கள் இல்லை. இடையில் திங்களன்று உள்ளே போனவர் துப்புரவு வேலை செய்யும் சோதிலிங்கம் ஒருவர்தான். அன்று பார்த்து, பழைய குளிர்பெட்டி ஒன்றை ஏற்றிப் போக நண்பனின் வான் வண்டியை வாங்கித் தேவாலய வாசலில் விட்டிருந்தார். சந்தேகம் அவர்மேல் விழுந்தது; அதிலிருந்து மீட்கச் சொல்லித்தான் பவளராணியைப் பிடித்திருந்தார்.

“குளிர்பெட்டி ஏத்த வேற நாளே கிடைக்கலையா அவருக்கு,” என்றான் கோகுல்.

“கெட்ட காலம் வந்தா அது குளிர்பெட்டியிலயும் ஏறி வரும். நட.”

சோதிலிங்கத்தின் வீடு இரண்டு தெரு தள்ளி. வாசல்மணி அடிக்குமுன்பே கதவைத் திறந்தார். வேலையை நிறுத்தி வைத்ததிலிருந்து அவருக்குச் சன்னலருகே நிற்பதுதான் வேலை.

“ஏதும் தெரிஞ்சுதோ அக்கா?”

“இல்லை சோதி. இண்டைக்கும் பூட்டு.”

அவர் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். தான் உட்காராமல் நின்றார். “லோயர் போன் எடுத்தவர். விசாரணை முடியுமட்டும் குடியுரிமைக்கு எழுதிப் போட்ட அன்ட்ராக்கை ஒருத்தரும் தொட மாட்டினமாம். அதைக்கூட விடுங்கோ. போன கிழமைக்கு முதல் கிழமை சாவிக்கொத்தைத் திருப்பிக் குடுக்கச் சொன்னவை. ஞாயிறு பூசை முடியிற நேரம் போய்ப் பின்னால நிண்டனான். பாதிரியார் என்ர பேர் சொல்லேல்லை. ‘நாங்கள் நம்பி வீட்டுக்குள்ள விட்ட ஒருவர்’ எண்டு மட்டும் சொன்னார். முழுச் சனமும் திரும்பி என்னைப் பாத்தது.”

பவளராணி தேநீரைக் குடித்து முடித்தாள்.

“அந்தக் குழல் ஞாயிறு ஊதினது எண்டு சொல்லுற ஆளை இன்னும் நான் காணேல்லை,” என்றாள். “அவரிட்ட இண்டைக்கே போறன். நேரம் கேட்டு டெர்மீன் எடுக்காமல் போறன்.”

*

ஓர்கன் வாசிப்பவரின் பெயர் ஒஸ்டர்காம்ப். அறுபது வயதைத் தாண்டியவர், மெலிந்தவர், கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒன்று தவறிப் போட்டிருந்தார். தேவாலயத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தார். மழையில் நின்ற இருவரையும் உள்ளே விட்டார். ஆனால் வழக்கைப் பற்றிப் பேச அவருக்கு இரண்டு ஜெர்மன் வாக்கியங்கள்தான் இருந்தன.

“ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டின் முடிவில் தாழ்ந்த சுரத்தை எப்போதும்போல நீட்டி வாசித்தேன். எல்லோரும் கேட்டார்கள்.”

“அதற்குப் பிறகு?”

“அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை.”

பவளராணி வேறு வேறு பக்கமாகக் கேட்டுப் பார்த்தாள். அதே இரண்டு வாக்கியம். அவளுடைய பற்கள் கடிபடுவதைக் கோகுல் கவனித்தான். பேச்சை மாற்ற, சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய முகப்படத்தைக் காட்டி, “இவர் யார், உங்கள் தாத்தாவா?” என்று கேட்டான்.

அவ்வளவுதான். ஒஸ்டர்காம்ப் திறந்துகொண்டார்.

“இவர் அபே ஃபோக்லர். கேயோர்க் யோசெஃப் ஃபோக்லர். வயலின் செய்பவரின் மகன், 1749இல் வூர்ட்ஸ்பூர்க்கில் பிறந்தார். பாதிரியார், இசையமைப்பாளர், இசையின் இலக்கணத்தை எழுதியவர். மன்ஹைம் அரசவையில் இருந்தார், ரோமாபுரியில் போப்பாண்டவரிடம் விருது வாங்கினார், சுவீடன் மன்னரிடம் வேலை பார்த்தார். ஊர் ஊராகப் போய் ஓர்கனில் இடியும் மழையும் வாசித்துக் காட்டினார். கூட்டம் அலைமோதியது. பண்டிதர்கள் சிரித்தார்கள். மோட்சார்ட் தன் கடிதங்களில் இவரைத் திட்டி எழுதியிருக்கிறார். ஆனால் டார்ம்ஸ்டாட்டில், கடைசிக் காலத்தில், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மாணவர்கள் இவர் காலடியில் உட்கார்ந்து படித்தார்கள். இன்று யாருக்கும் பெயர் தெரியாது.”

அவர் நிறுத்தவில்லை. ஃபோக்லர் எழுதிய நாடகப் பாடல்கள், ஃபோக்லர் கட்டிய பயண ஓர்கன், ஃபோக்லரின் சண்டைகள். ஒரு மணி நேரம் போனது. பவளராணி இடையில் இரண்டு தடவை “சோதிலிங்கம்” என்ற பெயரைச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவையும் அவர் கொஞ்சம் நிறுத்தி, கம்பளிச் சட்டையைத் தடவி, மறுபடி பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் போய்விட்டார்.

வெளியே வந்ததும் கோகுல் சொன்னான்: “அந்த ஃபோக்லர் காலைல என்ன சாப்பிட்டார்னு மட்டும்தான் சொல்லலை.”

“நீதானே துவங்கி வைச்சனி.”

“சாரி மேடம். அக்கா.”

*

அடுத்த இரண்டு நாள் அவர்கள் சபையாரின் வீடுகளுக்கு ஏறி இறங்கினார்கள். ஒருவராவது, “ஞாயிறு அந்தச் சுரம் கேட்டதா என்று ஞாபகமில்லை” என்று சொன்னால் போதும். ஒருவரும் சொல்லவில்லை. அந்தத் தாழ்ந்த சுரம் அவர்களுக்கு ஆமென் மாதிரி. அதைக் கேட்டுத்தான் கோட்டு மாட்டுவார்கள். முன்வரிசையில் உட்காரும் ஒரு முதிய பெண்மணி, தன் இருக்கைப் பலகை நடுங்கியது என்றார். “என் இடுப்பு எலும்பில் உணர்ந்தேன். என் இடுப்பு பொய் சொல்லாது.”

“இடுப்பைக் குறுக்கு விசாரணை பண்ண முடியாதே,” என்று கோகுல் படியிறங்கும்போது முணுமுணுத்தான்.

பவளராணி கைப்பிடியில் சாய்ந்து நின்றுவிட்டாள். “கேட்டவை எல்லாரும் உண்மை சொல்லுகினம். சோதியும் உண்மை சொல்லுறான். ரெண்டும் உண்மையா இருக்க ஏலாது. எனக்கு இதுக்கு மேல ஒண்டும் ஓடேல்லை.”

“நம்பிட்டுச் சொல்றீங்களா, தெரிஞ்சு சொல்றீங்களா? சோதி சாரைத்தான்.”

அவள் அவனை முறைத்தாள். ஆனால் கேள்வி நியாயமானது. கடையில் வேலை பார்த்த காலத்தில் அழுதுகொண்டே பொய் சொன்னவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். “தெரியாது,” என்றாள் கடைசியில்.

அந்த வழியில் ஒரே ஒரு கதவுதான் மீதியிருந்தது. அந்த ஞாயிறு தேவாலயத்தில் ஒரு தமிழ்க் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. படம் பிடித்தவன் எசனில் கலியாண வீடியோ எடுக்கும் துவாரகன். அன்றைய ஒலி அவனிடம் இருக்கும். ஒலியில் அந்தச் சுரம் இல்லையென்றால், சபை முழுவதும் பழக்கதோஷத்தில் கேட்டதாக நினைத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

துவாரகனின் கடை ஒரு மரக்கறிக் கடைக்குப் பின்னால் இருந்த அறை. மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆள் மூச்சு விட முடியாது.

“ரெண்டு கமெரா வைச்சனான் அக்கா,” என்றான் துவாரகன். “ஒண்டு கையில. மற்றதை மேல ஓர்கன் மாடத்தில ஸ்டாண்டில விட்டிட்டுக் கீழ வந்திட்டன். மேல இருந்து பாத்தா முழுச் சேர்ச்சும் வடிவா விழும்.”

கடைசிப் பாட்டு ஓடியது. முடிவு நெருங்க, மூவரும் திரையைவிட்டு ஒலிபெருக்கிப் பக்கம் காதைக் கொண்டுபோனார்கள். சரியாக அந்த இடத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை வீறிட்டது.

“நல்ல தொண்டை,” என்றான் கோகுல்.

மாடத்தில் இருந்த மற்றக் கமெராவைப் போட்டார்கள். அதில் ஏதோ இரைந்தது, அவ்வளவுதான். துவாரகன் கையை விரித்தான். “இந்த மைக்கில அவ்வளவு கீழ்ச் சத்தம் பதியாது அக்கா. இருந்தாலும் பதியாது, இல்லாட்டியும் பதியாது.”

பவளராணி எழுந்து அந்தச் சிறிய அறையில் நடக்க இடம் தேடினாள். இல்லை. மறுபடி உட்கார்ந்தாள். “மூண்டு கிழமை. பூட்டின கதவு, இடுப்பெலும்பு, அழுகிற பிள்ளை. நான் சோதிக்குப் போன் பண்ணிச் சொல்லப் போறன், வேற ஆளைப் பிடியுங்கோ எண்டு.”

“ஒரு அஞ்சு நிமிஷம்,” என்றான் கோகுல். அவன் மடிக்கணினியில் எதையோ படித்துக்கொண்டிருந்தான். “அந்தக் கிழவர் ஃபோக்லர் பத்தி ஒரு மணி நேரம் பேசினார் இல்லையா. கடுப்புல உட்கார்ந்து படிச்சேன். பிறந்தது, ரோம், சுவீடன், இடி, மழை எல்லாம் சரியா சொல்லிருக்கார். ஒண்ணை மட்டும் சொல்லலை. ஃபோக்லர் பேர் கெட்டதே அதனாலதான்.”

“என்னது?”

“ஆர்கனை சிம்பிளா ஆக்கறேன்னு ஊர் ஊராப் போய்க் குழல்களைக் கழட்டச் சொல்லிருக்கார்.”

ஓடிக்கொண்டிருந்த படத்தைத் துவாரகன் நிறுத்தினான்.

“பெரிய பைப் வேண்டாம்னு அவர் கட்சி,” கோகுல் தொடர்ந்தான். “ரெண்டு சின்ன பைப்பைச் சரியான இடைவெளியில சேர்த்து ஊதினா, ரெண்டுக்கும் கீழ மூணாவதா ஒரு சுரம் தானா காதுல கேக்குமாம். அதை யாரும் வாசிக்கறதில்லை. அதுக்குன்னு பைப்பும் இல்லை. ஆனா கேக்கும். பலகைகூட நடுங்கும்.”

பவளராணி நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்தாள். பிறகு, “துவாரகன், மேல வைச்ச கமெராவைத் திருப்பிப் போடு,” என்றாள். “சத்தம் வேண்டாம்.”

“சத்தமில்லாமலோ?”

“கடையில நான் ஒருநாளும் முகத்தைப் பாக்கிறேல்லை. கையையும் காலையும்தான் பாக்கிறது. இவ்வளவு நேரமும் இதைக் குருடி மாதிரிக் கேட்டுக்கொண்டு இருந்திட்டன்.”

படத்தின் வலது மூலையில், கமெராவுக்குக் கிட்டத்தில், ஓர்கன் வாசிப்பவரின் முழங்காலுக்குக் கீழே தெரிந்தது. ஓர்கனின் தாழ்ந்த சுரங்களைக் காலால் மிதிக்க வேண்டும். அதற்காக மரக்கட்டைகள் இடமிருந்து வலமாக வரிசையாக இருக்கும். மிகத் தாழ்ந்தது இடதுகோடியில். கடைசிச் சுரம் வந்தபோது, ஒஸ்டர்காம்பின் கால்கள் இரண்டும் நடுவில் இருந்தன. ஒரு கால் ஒரு கட்டையில், மற்றது இன்னொன்றில். இடதுகோடிக்கு எந்தக் காலும் போகவில்லை.

“இதே சேர்ச்சில முந்தி ஏதும் எடுத்தனியோ?”

“ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு கலியாணம். ஸ்டாண்ட் அதே இடம்தான்.”

தேடி எடுத்தார்கள். மணமக்கள் வெளியேற, பாட்டு முடிய, அதே கால்கள், அதே கறுத்த சப்பாத்து. இடது கால் நீண்டு இடதுகோடிக் கட்டையை மிதித்தது. வலது கால் சும்மா தொங்கியது.

கோகுல் திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்: “ஞாயித்துக்கிழமை அந்த பைப் இல்லை. இல்லைன்னு அவருக்குத் தெரியும்.”

*

மறுநாள் பகல் ஒஸ்டர்காம்ப் ஓர்கன் மாடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். பவளராணி படியேறி வந்து, அவருடைய பாட்டு முடியும்வரை நின்றாள். கோகுலைக் கீழே, முன்வரிசையில், அந்த முதிய பெண்மணியின் இடத்தில் உட்கார வைத்திருந்தாள்.

“ஒரு உதவி வேண்டும்,” என்றாள். “அந்த ஞாயிற்றுக்கிழமை வாசித்த கடைசிச் சுரத்தை இப்போது வாசித்துக் காட்டுங்கள்.”

“குழல்கள் போய்விட்டன. உங்களுக்குத் தெரியாதா?”

அவள் துவாரகன் அச்சடித்துத் தந்த இரண்டு படங்களையும் பாட்டுப் புத்தகத்தின்மேல் வைத்தாள். இரண்டிலும் கால்கள் மட்டும். “அப்போதும் போய்த்தான் இருந்தன. அதே கால்களால் வாசியுங்கள்.”

ஒஸ்டர்காம்ப் படங்களை வெகுநேரம் பார்த்தார். மறுப்பார், எழுந்து போவார், பொலிஸைக் கூப்பிடுவேன் என்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. இருக்கையில் நிமிர்ந்து, இரண்டு கால்களையும் நடுவில் வைத்து மிதித்தார்.

முதலில் இரண்டு குழல்களின் குரல் கேட்டது. பிறகு, அவற்றுக்கு மிகக் கீழே, எங்கிருந்து என்று சொல்ல முடியாத ஒன்று எழுந்தது. பவளராணியின் கைக்குக் கீழே மரத்தடுப்பு அதிர்ந்தது. கீழே கோகுல் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தான்.

“வருது,” என்று அவன் கத்தியது கூரையில் பட்டுத் திரும்பியது. “இடுப்புல வருது.”

ஒஸ்டர்காம்ப் காலை எடுத்தார்.

“எங்கே விற்றீர்கள்?” என்று கேட்டாள் பவளராணி.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “விற்றேனா? நானா?” அந்த முகத்தில் முதல்முறையாகக் கோபம் வந்தது. இருக்கையிலிருந்து இறங்கி, படிகளில் அவளுக்கு முன்னால் இறங்கினார். தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டின் பின்புறக் கார்க்கொட்டிலுக்கு அவர்களைக் கூட்டிப்போனார். சாட்சி சொன்னவரின் கொட்டிலைப் பொலிஸ் திறந்தே பார்க்கவில்லை.

உள்ளே கார் இல்லை. பழைய மெத்தைகள். அவற்றை அவர் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். அடியில், சன்னல் திரைத்துணியில் சுற்றி, சாம்பல் நிறத்தில் கிடந்தன துண்டுகள். அறுத்த துண்டுகள். அடிப்பாகங்கள் மட்டும் நசுங்கிச் சப்பையாகி, வெள்ளைப் பொடி பூத்திருந்தன.

கோகுல் ஒரு துண்டைத் தொட்டான். விரலில் பொடி ஒட்டியது.

“ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஒரு காலைநேரம்,” என்றார் ஒஸ்டர்காம்ப். “மிதித்தேன், சத்தம் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் நான்கும் தன் பாரத்திலேயே மடிந்து உட்கார்ந்திருந்தன. ஈயத்தை அரிக்கும் ஒரு நோய் உண்டு. எத்தனையோ பழைய ஓர்கன்களில் வந்திருக்கிறது.”

பவளராணி குனிந்து ஒரு துண்டின் அறுத்த விளிம்பைப் பார்த்தாள். “அப்படியானால் திருட்டே நடக்கவில்லை.”

“இல்லை.”

“ஏன் சொல்லவில்லை?”

“தேவாலயங்களை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பகுதியில் எங்களுடையதா, பக்கத்து ஊருடையதா என்பதுதான் கேள்வி. எங்களிடம் இருந்தது இந்த ஓர்கன் மட்டும்தான். அதுவும் உளுத்துப்போனது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே முடிவு எடுத்துவிடுவார்கள். அறுத்து எடுத்து இங்கே கொண்டுவந்தேன். எட்டு மாதம் ஃபோக்லரின் முறையில் வாசித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவருக்கும்.” கடைசிச் சொல்லில் பெருமையும் கசப்பும் சேர்ந்தே இருந்தன. “அந்த நிபுணர் பின்கதவைத் திறப்பார் என்று நான் நினைக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஞாயிறு இருந்தது என்று வாயில் வந்துவிட்டது.”

“அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தது.”

“நான் அந்த மனிதரின் பெயரைச் சொல்லவேயில்லை.”

“நீங்கள் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னீர்கள். பெயரை மற்றவர்கள் போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.”

“ஃபோக்லரும் இதைத்தான்...”

“ஃபோக்லர் எல்லோருக்கும் சொல்லிவிட்டுக் கழற்றினார்,” என்றாள் பவளராணி. அவள் குரல் உயரவில்லை. “அதனால்தான் அவரைத் திட்டினார்கள். அவருக்குப் பதிலாக வேறு யாரும் திட்டு வாங்கவில்லை.”

ஒஸ்டர்காம்ப் ஒரு மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தார். பொத்தானை அவிழ்த்துச் சரியாகப் போட முயன்றார். பிறகு, “கோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன்,” என்றார்.

*

பொலிஸ் நிலையத்தில் சந்தோஷப்பட யாரும் இல்லை. வாக்குமூலத்தை எழுதிக்கொண்ட அதிகாரி எரிச்சலோடு பேனாவை வைத்தார். திருட்டும் இல்லை, திருடனும் இல்லை, ஆனால் மூன்று வார வேலை இருக்கிறது. கோப்பை மூட வேண்டியது அரசு வழக்கறிஞர். அது சில வாரம் ஆகலாம், விடுமுறை வேறு வருகிறது.

“வழக்கு ஆரம்பிக்க ஒரு மணி நேரம், முடிக்க ஒரு கிறிஸ்துமஸ்,” என்றான் கோகுல்.

பவளராணி தாழ்வாரத்துக்கு வந்து சோதிலிங்கத்துக்குப் போன் எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

“சோதி? இருக்கிறியளோ?”

“ஓம் அக்கா. நல்லது அக்கா.” என்றார் சோதிலிங்கம். “அப்ப, ஆர் களவெடுத்தது எண்டு சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

“ஒருத்தரும் எடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ.”

“கள்ளன் பிடிபட்டிட்டான் எண்டு சொன்னா நம்புவினம். கள்ளனே இல்லை எண்டு நான் சொன்னால் ஆர் நம்புவினம்?”

மூன்று வாரம் அலைந்து பிடித்த உண்மை, யாரிடமும் கொடுத்து மாற்ற முடியாத செல்லாக்காசு மாதிரி அவள் கையில் இருந்தது. ஒஸ்டர்காம்ப் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தாள். போனை வைத்துவிட்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“இங்கே கையெழுத்துப் போட்டது போதாது,” என்றாள். “ஞாயிற்றுக்கிழமை, பூசை முடியும்போது, பாதிரியார் நின்று சொன்ன அதே இடத்தில் நின்று நீங்கள் சொல்ல வேண்டும். மேலே மாடத்திலிருந்து இல்லை. கீழே. சோதிலிங்கத்தின் பெயரோடு.”

“சொன்னால் என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.”

“ஓம்,” என்றாள் அவள் தமிழிலேயே. அவருக்கு அது புரிந்தது.

ஞாயிறு அவர் சொன்னார். நன்றாகச் சொல்லவில்லை. ஈய நோயைப் பற்றி அதிகம் சொன்னார், ஃபோக்லரையும் இழுத்தார், கடைசியில் சோதிலிங்கத்தின் பெயரை உச்சரிக்கும்போது தடுமாறி இரண்டு தரம் சொன்னார். ஆனாலும் சொன்னார். பாதிரியார் முகம் சிவந்து எழுந்து, தானும் மன்னிப்புக் கேட்பதாகவும், சோதிலிங்கம் திங்களே வேலைக்கு வர வேண்டும் என்றும் அறிவித்தார். உடனே எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின.

பின்வரிசையில் பவளராணியும் கோகுலும் மட்டும் இருந்தார்கள்.

அவள் வாசலுக்கு வெளியே வந்து மறுபடி போன் எடுத்தாள். ரயிலின் சத்தத்துக்கு நடுவே சோதிலிங்கம் பேசினார். ஹம் நகரத்து அம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“ஏன் வரேல்லை? எல்லாருக்கும் முன்னால சொன்னவர்.”

“ஒருக்கா என்னைத் திரும்பிப் பாத்தவை அக்கா. இன்னொருக்காப் பாக்கட்டும் எண்டு நான் போய் நிக்க மாட்டன்.”

“நாளைக்கு வேலைக்கு வரட்டாம். என்ன சொல்ல?”

ரயில் ஏதோ ஒரு நிலையத்தில் நின்றது. கதவு திறக்கும் சத்தம், யாரோ ஏறும் சத்தம், மறுபடி கதவு.

“வாறன் எண்டு சொல்லுங்கோ,” என்றார் சோதிலிங்கம். “வேலை இல்லாட்டி அன்ட்ராக்கும் நகராது. ஆனா நாளைக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை. ஒரு நாளாவது அவையள் எனக்காகக் காத்துக்கொண்டு இருக்கட்டும்.”